ஃபைஃப் டிரம் குழுக்கள்: அணிவகுப்புக்கு வெளியே நடக்கும் வாழ்க்கை

2026 ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் 250ஆவது ஆண்டு நாள். அதையொட்டிய படங்களிலும் காணொளிகளிலும் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படுகிறது. மும்முனைத் தொப்பியும் முழங்காலோடு நிற்கும் கால்சட்டையும் அணிந்தவர்கள் வரிசையாகத் தெருவில் நடக்கிறார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் முழத்துக்கும் குறைவான குழல்களை ஊதுகிறார்கள். பின்வரிசையில் கயிறு கட்டிய பெரிய டிரம்கள் அதிர்கின்றன. இவர்கள் ராணுவ வீரர்களா, வேடம் கட்டிய நடிகர்களா, ஏதாவது பள்ளியின் பேண்டா?

பெரும்பாலும் மூன்றுமே இல்லை. பகலில் ஆசிரியராக, எலக்ட்ரீஷியனாக, நர்ஸாக வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று கலந்த ஊர்க்காரர்கள் இவர்கள். வாரத்தில் ஒரு மாலை கூடிப் பயிற்சி செய்கிறார்கள். இப்படிப்பட்ட குழுவுக்கு ‘ஃபைஃப் அண்ட் டிரம் கோர்’ என்று பெயர். கனெக்டிகட் மாநிலத்தில் இவற்றில் சில 19ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கி வருகின்றன. மூடஸ் குழு 1860இல் தொடங்கியது. டீப் ரிவர் குழு 1873, ஸ்டோனி கிரீக் 1886, லான்கிராஃப்ட் 1888.

போர்களுக்காக உருவான ஓர் இசை, போர்க்களத்தில் அதன் தேவை தீர்ந்து ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகும் எப்படி ஊர் ஊராக உயிரோடு இருக்கிறது? தேசபக்தி, வரலாற்று ஆர்வம் என்று பதில் சொல்வது சுலபம். அதில் உண்மையும் கொஞ்சம் உண்டு. ஆனால் வரலாற்று ஆர்வம் மட்டும் ஒருவரை முப்பது நாற்பது ஆண்டுகள் வாரந்தோறும் பயிற்சிக்கு இழுத்து வராது. அப்படி இழுத்து வருவது குழுவின் சமூக வாழ்க்கை. அந்த வாழ்க்கைக்கு இடம் கொடுப்பவை இரண்டு: கருவிகளின் எளிமை, போட்டியை விட்டு விலக ஒரு கட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவு. இந்தக் கட்டுரை விளக்க முயல்வது அதைத்தான்.

கருவிகளும் அவற்றின் இலக்கணமும்

1. ஃபைஃப். பக்கவாட்டில் பிடித்து ஊதும் சிறிய மரக்குழல். ஊத ஒரு துளை, விரல்களுக்கு ஆறு துளைகள். ஆர்கெஸ்ட்ரா ஃப்ளூட்டில் இருக்கும் உலோக விசைகள் இதில் இல்லை. இந்தக் குழுக்களில் வழக்கத்தில் இருப்பது பி ஃப்ளாட் சுருதிக் குழல். கீழ் ஸ்தாயியில் மென்மையாக ஒலிக்கும். ஆனால் தெருவில் வாசிப்பது பெரும்பாலும் மேல் ஸ்தாயிகளில். அந்தக் கூர்மை திறந்த வெளியில் வெகுதூரம் போகும்.

2. ஸ்நேர் டிரம். மரப்பலகையை வளைத்துச் செய்த உடல், இருபுறமும் தோல். அடிப்பக்கத் தோலின் மேல் விலங்குக் குடலில் செய்த நரம்புகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மேல்தோலை அடிக்கும்போது இவைதான் அந்த ‘சரசர’ ஒலியைத் தருகின்றன. தோலை இறுக்குவது கயிறு. கயிற்றில் கோத்த தோல்துண்டுகளைக் கீழே இழுத்தால் சுருதி ஏறும். ஈரக் காற்று அடித்தால் தோல் தளர்ந்துவிடும். அதனால் வெயில், மழை பற்றிய பேச்சு டிரம் அடிப்பவர்களிடம் ஓயவே ஓயாது.

3. பேஸ் டிரம். பொதுவான பேண்டுகளில் இதை ஒரு கையால் தாளத்துக்கு அடிப்பார்கள். பழம்பாணிக் குழுக்களில் இரு கைகளாலும் அடிப்பார்கள். ஸ்நேரின் நுணுக்கமான நடைகளை இதுவும் தொடர்ந்து செல்லும். கூட்டம் பெரிதாகும்போது எல்லோரையும் ஒரே காலத்தில் பிடித்து வைப்பது இந்த டிரம்தான்.

4. காலம். நிமிடத்துக்குச் சுமார் 110 அடி என்பது பழம்பாணியின் அடையாளம். இன்றைய அணிவகுப்பு பேண்டுகளை விட இது நிதானம். மூடஸ் குழு இதையும் விட மெதுவாக, மிகப் பெரிய டிரம்களோடு வாசிப்பதற்குப் பெயர் பெற்றது. காலம் மெதுவாக இருப்பதால் ஒவ்வோர் அடிக்கும் நடுவே டிரம் அடிப்பவருக்கு நிறைய இடம் கிடைக்கிறது. அந்த இடத்தை நிரப்புவதில்தான் இந்தப் பாணியின் அழகு.

5. ருடிமென்ட். டிரம் பாடத்தின் அடிப்படைக் கோவைகள். தவில் படிக்கும் பிள்ளை சொற்கட்டுகளை வாயால் சொல்லி, பிறகு கையில் கொண்டுவருவதைப் போல, இங்கே வலக்கை இடக்கை மாறி வரும் சிறு கோவைகளை மெதுவாகத் தொடங்கி வேகமாக்கி மறுபடி மெதுவாக்கிப் பழகுவார்கள். 1933இல் சிகாகோவில் கூடிய 13 டிரம் கலைஞர்கள் ஒரு தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தக் கோவைகளில் 26ஐப் பட்டியலிட்டுப் பொதுப் பாடமாக்கியது அந்தச் சங்கம்தான். அந்த 13 பேரில் ஒருவரான பர்ன்ஸ் மூர், கனெக்டிகட் மரபிலிருந்து வந்தவர்.

இவ்வளவுதான் தொழில்நுட்பம். இதன் சமூக விளைவை இப்போதே சொல்லிவிடலாம். எல்லோர் குழலும் ஒரே சுருதி, எல்லோர் கோவையும் ஒரே பாடம், காலமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே நியூயார்க்கிலிருந்து வந்த ஒருவர், முன்பின் தெரியாத கனெக்டிகட்காரர் பக்கத்தில் போய் நின்று, ஒத்திகை எதுவும் இல்லாமல் அடுத்த நிமிடமே சேர்ந்து வாசிக்க முடியும். ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் இது நடக்காது. கருவி எளிமையாக இருப்பதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. என் பார்வையில் இந்தச் சமூகம் நிற்பதே அந்த எளிமையின் மேல்தான்.

படையிலிருந்து ஊருக்கு

ஃபைஃபும் டிரம்மும் சேர்ந்த கூட்டணியை ஐரோப்பா முழுக்கப் பரப்பியவர்கள் 15, 16ஆம் நூற்றாண்டுகளின் சுவிஸ் கூலிப்படையினர். நீண்ட ஈட்டிகளோடு நெருங்கிய வரிசையில் நடந்த காலாட்படைக்குக் கால் ஒன்றாக விழுவது அவசியம். அவர்களைக் கூலிக்கு எடுத்த அரசுகள் அந்த இசையையும் எடுத்துக்கொண்டன.

படையில் இது பொழுதுபோக்கு இல்லை. அது ஒரு தொடர்புச் சாதனம். எழுந்திரு, கூடு, புறப்படு, அணிக்குத் திரும்பு, விளக்கை அணை, ஆயுதம் எடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி உண்டு. 1779இல் ஸ்டாய்பன் என்ற பிரஷ்ய அதிகாரி அமெரிக்கப் படைக்கு எழுதிய விதிநூலில் இந்தப் பட்டியல் இருக்கிறது. அடி தவறினால் படை தவறும். 1777 ஜூன் 4 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் விட்ட பொது உத்தரவு, படையின் இசை பொதுவாக மிக மோசமாக இருக்கிறது என்று கடிந்துகொள்கிறது. டிரம் மேஜர்களும் ஃபைஃப் மேஜர்களும் இதைச் சரிசெய்யாவிட்டால் பதவி இறக்கப்படுவார்கள், கூடுதல் சம்பளமும் போய்விடும் என்று எச்சரிக்கிறது. மறு ஆண்டே ஜான் ஹைவெல் என்ற அதிகாரி இசைக்கான ஆய்வாளராக நியமிக்கப்பட்டார்.

படை இசைக்கலைஞர்கள் தங்கள் ரெஜிமெண்டின் நிறங்களைத் தலைகீழாக மாற்றிய சீருடை அணிந்தார்கள். நீலக் கோட்டுக்குச் சிவப்பு ஓரம் என்றால், இவர்களுக்குச் சிவப்புக் கோட்டுக்கு நீல ஓரம். புகை மண்டிய களத்தில் செய்தி சொல்பவர் எங்கே என்று தளபதிக்குச் சட்டென்று தெரிய வேண்டுமே. இன்று வாஷிங்டனில் அரசு நிகழ்ச்சிகளில் தோன்றும் ‘ஓல்ட் கார்ட்’ குழு சிவப்பு உடையில் வருவது இதனால்தான். 1960இல் அமைந்த அந்தக் குழு மட்டும் விதிவிலக்கு: அதில் இருப்பவர்கள் நிஜ ராணுவத்தினர், முழுநேர இசைக்கலைஞர்கள்.

இந்த இசைக்கு இந்தியாவோடும் ஓர் உறவு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைப்பிரிவுகளிலும் ஃபைஃபும் டிரம்மும் இருந்தன. 1795இல் கம்பெனி ஓர் ஆணை போட்டது. ஐரோப்பிய வம்சாவளியினரில் தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாத எவரும் படைப் பணியில் சேர முடியாது. குழல் ஊதுபவர், டிரம் அடிப்பவர், பேண்டு வாசிப்பவர், குதிரை லாடம் கட்டுபவர் ஆகிய வேலைகளுக்கு மட்டும் விலக்கு என்றது. துப்பாக்கியும் அதிகாரமும் மறுக்கப்பட்ட ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கையில் இந்தக் குழல் திணிக்கப்பட்டது. இதே கருவி அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்தில் ஊரின் பெருமையாக இருந்தபோது, இங்கே ஒரு சமூகத்தைக் கீழே நிறுத்தி வைக்கும் கோடாக இருந்தது.

நியூ இங்கிலாந்து ஊர்களில் குடிப்படை முறை இருந்தது. வயது வந்த ஆண்கள் குறிப்பிட்ட நாட்களில் ஊர்ப் பொதுவெளியில் கூடிப் பயிற்சி எடுக்க வேண்டும். பயிற்சி காலையோடு முடியும். அப்புறம் சாப்பாடு, குடி, விளையாட்டு, ஊர்க்கதை. குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஊருக்கு ஒரு குழல்காரர், ஒரு டிரம்காரர் தேவைப்பட்டார்கள். குடிப்படை முறை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தேய்ந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ராணுவமும் பித்தளை வாத்தியங்களுக்கும் பியூகிளுக்கும் நகர்ந்துவிட்டது. ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள், கேட்கப் பழகிய காதுகளும் இருந்தன. படை கைவிட்டதை ஊர் எடுத்துக்கொண்டது. கனெக்டிகட் ஃபைஃபர்கள் டிரம்மர்கள் சங்கம் 1885இலேயே உருவாகிவிட்டது.

ஒரு குழு எப்படி இயங்குகிறது

குழுவின் ஆண்டு, குளிர்காலப் பயிற்சி அறையில் தொடங்குகிறது. தீயணைப்பு நிலையம், பள்ளிக்கூடம், ஊர் மன்றம், முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடம் என்று இடம் எதுவாகவும் இருக்கலாம். குழலும் டிரம்மும் முதலில் தனித்தனி அறைகளில் பழகிவிட்டுக் கடைசியில் ஒன்றாகச் சேர்வது வழக்கம்.

பொறுப்புகள் ராணுவப் பெயரோடு இருக்கும், வேலை ஊர்ச் சங்கத்தின் வேலைதான். டிரம் மேஜர் வரிசையை நடத்துவார். ஃபைஃப் சார்ஜெண்டும் டிரம் சார்ஜெண்டும் பாடத்துக்குப் பொறுப்பு. குவார்ட்டர்மாஸ்டர் சீருடைகளையும் கருவிகளையும் பார்த்துக்கொள்வார். வளரும் பிள்ளைகளுக்குக் கோட்டு மாற்றித் தருவதும், கிழிந்ததைத் தைக்கச் சொல்வதும் அவர் பாடு. அப்புறம் பொருளாளர், வண்டி ஏற்பாடு செய்பவர், சமைப்பவர்.

கலர் கார்ட் என்ற பிரிவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கொடி ஏந்தி முன்னால் நடப்பவர்கள் இவர்கள். இசை தெரிய வேண்டிய அவசியம் இல்லை. மகள் குழல் வாசிக்கிறாள், தந்தைக்கு எந்த வாத்தியமும் வராது என்றால் தந்தை கொடி பிடிக்கலாம். இதனால் குழு என்பது தனி ஆளைச் சேர்க்கும் இடமாக நிற்காமல் வீட்டையே சேர்க்கும் இடமாகிறது. மூன்று தலைமுறை ஒரே வரிசையில் நடக்கும் குடும்பங்கள் இந்த உலகத்தில் அதிசயம் இல்லை. குழுவில் சந்தித்துக் கல்யாணம் செய்தவர்களும் ஏராளம். உறுப்பினர் இறந்தால் சீருடையோடு போய் வாசித்து வழியனுப்புவதும் குழுவின் கடமைகளில் ஒன்று.

வருமானம் சிறியது. மே மாதக் கடைசித் திங்களில் வரும் நினைவு நாள், ஜூலை 4, ஊர்த் திருவிழாக்கள் ஆகியவற்றில் அணிவகுப்புக்குக் கிடைக்கும் தொகைதான் முக்கியம். அது தனியாருக்குப் போவதில்லை. கயிறு, தோல், கோட்டு, பேருந்து வாடகை என்று கரைந்துவிடும். எனவே வருமானக் கணக்கு போட்டுப் பார்த்தால் இந்தக் குழுக்கள் இருப்பதற்குக் காரணமே தெரியாது.

போட்டியிலிருந்து கூடலுக்கு

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை குழுக்களின் பெரிய நிகழ்வு போட்டிதான். நடுவர்கள், மதிப்பெண்கள், கோப்பைகள். தனி டிரம் சாம்பியன்களின் புகழ் மாநிலம் தாண்டியது. போட்டியால் தரம் ஏறியது, அதை மறுக்க முடியாது. மேலே சொன்ன 26 கோவைகளின் ஒழுங்கும் அந்தச் சூழலில் வளர்ந்ததுதான்.

ஆனால் போட்டிக்கு ஒரு விலையும் இருந்தது.

1. நடுவர் எதைக் கேட்கிறாரோ அதையே எல்லோரும் வாசிப்பார்கள். ஊருக்கு ஊர் இருந்த வித்தியாசம் மங்கும்.

2. காலம் வேகமாகும். கயிறு போய் உலோகத் திருகு வரும். மதிப்பெண்ணுக்கு அதுதான் வசதி. பழம்பாணியினர் தங்களை ‘ஏன்ஷியன்ட்’ (பழமையானவர்கள்) என்று தனியாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டதே இந்த மாற்றத்தை எதிர்த்துத்தான்.

3. அறுபது வயதுக்காரரும் பதினோரு வயதுப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்றால் மதிப்பெண் குறையும். ஆகவே வரிசையிலிருந்து பலவீனமானவர்கள் மெல்ல விலக்கப்படுவார்கள்.

4. எதிர்க்குழுவின் உத்தியை ரசிக்கலாம். ஆனால் அவர்களோடு சேர்ந்து வாசிக்க முடியாது.

இந்த நான்கில் மூன்றாவதுதான் மிகக் கொடிய விலை என்று நினைக்கிறேன். வயதுகளைப் பிரித்துவிட்டால் இந்த மரபு கைமாறுவதற்கு வழியே இல்லை.

1953 முதல் டீப் ரிவரில் ஆண்டுதோறும் நடக்கும் ‘ஏன்ஷியன்ட் மஸ்டர்’ என்ற பழம்பாணிக் குழுக்களின் கூடல் இதற்கு மாற்று வழியாக வளர்ந்தது. ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஆற்றங்கரை ஊர் அது. பக்கத்து ஐவரிடனும் டீப் ரிவரும் ஒரு காலத்தில் ஆப்பிரிக்கத் தந்தத்தை இறக்குமதி செய்து பியானோ கட்டைகள் செய்த ஆலை ஊர்கள். இன்று இந்த வட்டாரத்துக்கு வெளியாட்களைக் கூட்டி வருவது குழலும் டிரம்மும். ஜூலை மூன்றாம் சனிக்கிழமை பிரதான வீதியில் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அதற்கு முந்திய வெள்ளி மாலையும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அணிவகுப்பு மைதானத்தில் முடிந்ததும் ஒவ்வொரு குழுவும் சில நிமிடங்கள் நின்று வாசிக்கிறது. மதிப்பெண் கிடையாது, பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. கேட்கும் கூட்டத்தில் பாதி, தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் மற்ற குழுக்காரர்கள். எந்த அடி கஷ்டம் என்று தெரிந்தவர்கள். நன்றாக வாசித்தால் கைதட்டல் எங்கே விழும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இந்த முறை பரவியது. ஆகஸ்டில் வெஸ்ட்புரூக், செப்டம்பரில் மாசசூசெட்ஸின் சட்பரி என்று கோடை முழுவதும் மஸ்டர்கள் வந்தன. ஒரு குழு அழைக்கும், மற்றவர்கள் போவார்கள். பிறகு அவர்கள் அழைக்கும்போது இவர்கள் போக வேண்டும். இந்த மொய்க்கணக்குதான் அறுபது எழுபது ஆண்டுகளாக வலையை அறுபடாமல் வைத்திருக்கிறது. 1965இல் பழம்பாணிக் குழுக்கள் சேர்ந்து ‘கம்பெனி ஆஃப் ஃபைஃபர்ஸ் அண்ட் டிரம்மர்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கின. அதன் அருங்காட்சியகம் ஐவரிடனில் இருக்கிறது. பழைய டிரம்கள், சீருடைகள், கையெழுத்து இசைத்தாள்கள் அங்கே சேர்க்கப்படுகின்றன. எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான மெட்டுகளைத் தொகுத்து வெளியிடுவதும் அந்த அமைப்பின் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் அலுவலக வேலை மாதிரித் தெரியும். ஆனால் பொது மெட்டுகள் இல்லாவிட்டால் அடுத்துச் சொல்லப்போகும் விஷயம் நடக்கவே நடக்காது.

ஜாம்: எழுதப்படாத விதிகள்

மைதான நிகழ்ச்சி முடிந்து பார்வையாளர்கள் கிளம்பிய பிறகு ஜாம் தொடங்குகிறது. தொப்பியும் கோட்டும் போய்விடும், பல குழுக்காரர்கள் கலந்து ஒரு வட்டமாக நிற்பார்கள். யாராவது ஒரு குழல் ஒரு மெட்டை எடுக்கும். இரண்டாம் அடிக்குள் இருபது குழல் சேர்ந்துவிடும். டிரம்காரர்கள் அந்த மெட்டுக்குரிய அடியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு மெட்டு முடியும் முன்னே இன்னொருவர் அடுத்ததை எடுப்பார். இப்படி இரவு வெகுநேரம் போகும். பலர் மைதானத்தின் ஓரத்திலேயே கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். பியர் இருக்கும், அடுப்பு இருக்கும், தூங்கும் குழந்தைகளும் இருக்கும்.

எந்தப் பலகையிலும் எழுதியிராத ஒழுங்கு இதற்கு உண்டு.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்ததை எடுக்க வேண்டும். ஒரு குழு தனக்கென்று அமைத்துக்கொண்ட சிக்கலான உருப்படியை இங்கே கொண்டுவந்து காட்டுவது நாகரிகம் இல்லை. அதற்கு மைதானத்தில் நேரம் கொடுத்தாகிவிட்டது.

இரண்டாவது, காலத்தை ஓட்டக்கூடாது. கூட்டம் பெருகப் பெருக வேகம் ஏறுவது இயல்பு. அதை இழுத்துப் பிடிப்பது பேஸ் டிரம்மின் பொறுப்பு. நல்ல பேஸ் டிரம்காரர் ஒருவர் வட்டத்துக்குள் வந்தால் மற்றவர்கள் தோள் தளர்ந்து வாசிப்பார்கள்.

மூன்றாவது, தெரியாதவர் வெளிவட்டத்தில் நிற்கலாம். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். உள்வட்டத்தில் கைதேர்ந்தவர்கள், வெளிவட்டத்தில் பழகுபவர்கள். வெளியே நிற்பவர் தப்பாக ஊதினாலும் இருபது குழல் ஒலியில் அது கேட்காது. அவருக்கு மட்டும் கேட்கும், அடுத்த சுற்றில் திருத்திக்கொள்வார். மேடையும் அரங்கமும் உள்ள எந்தக் கச்சேரியிலும் கற்றுக்குட்டிக்கு இப்படிப் பாதுகாப்பாகத் தப்புச் செய்ய ஓர் இடம் கிடைக்காது. மெட்டுகள் தாளிலிருந்து காதுக்கும், காதிலிருந்து விரலுக்கும் போவது இங்கேதான். ஐம்பது ஆண்டு அனுபவம் உள்ள ஒருவரின் கையை ஓரடி தூரத்தில் நின்று ஒரு சிறுமி பார்க்கிறாள். அவள் எந்தக் குழு என்று அவர் கேட்பதில்லை.

நான்காவது, வட்டத்துக்குள் பதவி கிடையாது. டிரம் மேஜருக்கும் புதிதாகச் சேர்ந்தவருக்கும் ஒரே இடம்.

அணிவகுப்பில் குழு தன் ஊரின் பெயரால் நடக்கிறது; ஜாமில் ஊர்ப்பெயரும் உதிர்ந்துவிடுகிறது. பல உறுப்பினர்களுக்கு ஆண்டின் உச்சம் இந்த இரவுதான். தெருவில் நின்று படம் எடுக்கும் நமக்கு அது தெரிவதில்லை.

யார் உள்ளே, யார் வெளியே

இவ்வளவு நெருக்கமான கூட்டத்துக்கு வாசலும் உண்டு, பூட்டும் உண்டு. ‘பழையபடி’ என்ற சொல்லைக் காட்டிப் பல குழுக்கள் பெண்களை வெளியே வைத்தன. அன்றைய படையில் பெண்கள் வாசிக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். வர்ஜீனியாவின் பழங்கால நகர அருங்காட்சியகமான கொலோனியல் வில்லியம்ஸ்பர்க்கில் 1958இல் தொடங்கிய குழுவில் பெண் பிள்ளைகளுக்கு 1999இல்தான் இடம் கிடைத்தது. அந்தக் காரணம் ஏற்கத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடி போட்ட, கார் ஓட்டி வந்த ஆண்கள் வாசித்தபோது யாரும் வரலாற்றுப் பிழை என்று சொல்லவில்லையே.

நிறத்தின் கதை இன்னும் கூர்மையானது. பார்சிலாய் லூ என்ற கறுப்பினக் குழல் கலைஞர் 1775இல் பங்கர் ஹில் போரில் மாசசூசெட்ஸ் படையோடு இருந்தார். கறுப்பர்கள் குழலும் டிரம்மும் வாசித்தது புரட்சிப் படையின் சாதாரண உண்மை. ஆனால் நியூ இங்கிலாந்துத் தெருக்களில் இன்று நடக்கும் வரிசைகளைப் பார்த்தால் அந்த நினைவு எளிதில் வராது.

வட அயர்லாந்தில் இதே குழலும் டிரம்மும் ஜூலை 12 ஊர்வலங்களில் புராட்டஸ்டண்ட் அடையாளத்தை முழங்குகின்றன. அங்கேயும் வாரப் பயிற்சி, குடும்ப வரிசை, சீருடைப் பெருமை எல்லாம் உண்டு. ஆனால் எந்தத் தெரு வழியே போவது என்பதே கலவரத்துக்குக் காரணமாகியிருக்கிறது. ஆகவே குழு வாழ்க்கை தன்னளவில் நல்லது என்று சொல்லிவிட முடியாது. வட்டம் யாருக்குத் திறந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வேறு இரண்டு ஊர்கள்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இந்த மரபு தொடங்கிய மண்ணிலேயே வேறு உருவத்தில் வாழ்கிறது. சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கள் அதிகாலை 4 மணிக்கு நகரின் விளக்குகள் அணைக்கப்படும். அந்த நொடியில் முகமூடி அணிந்த குழுக்கள் எல்லாம் ஒரே மெட்டை எடுத்து நடக்கத் தொடங்கும். திருவிழா சரியாக 72 மணி நேரம், வியாழன் அதிகாலை 4 வரை. பிக்கலோ குழலும் பாசல் டிரம்மும்தான் இதன் உயிர். 2017இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இது சேர்ந்தது. அங்கே ‘கிளீக்’ எனப்படும் குழுக்கள், இளையோர் பிரிவு, முதன்மைப் பிரிவு, மூத்தோர் பிரிவு என்று வயதுப்படி அமைகின்றன. பலவற்றுக்குப் பழைய வீடுகளின் நிலவறையில் சொந்தக் கூடம் உண்டு. மூன்று நாள் திருவிழாவுக்காக ஆண்டு முழுவதும் பயிற்சி நடக்கிறது. கனெக்டிகட்டைப் பார்த்து அமெரிக்கப் பழம்பாணியை எடுத்துக்கொண்ட குழுக்களும் பாசலில் தோன்றின. இரு பக்கமும் போக்குவரத்து தொடர்கிறது.

இரண்டாவது ஊர் மிசிசிப்பியின் வடக்கு மலைப்பகுதி. அங்கே கறுப்பின விவசாயிகள் நாணல் தண்டில் சூட்டுக் கம்பியால் துளையிட்டுக் குழல் செய்தார்கள். இரண்டு ஸ்நேர், ஒரு பேஸ் டிரம். ராணுவக் கருவிகள்தான், ஆனால் தாளம் முற்றிலும் அவர்களுடையது; நடப்பதற்கு இல்லை, ஆடுவதற்கு. ஓதா டர்னர் என்ற விவசாயி தன் நிலத்தில் ஆண்டுதோறும் ஆடு வெட்டிச் சமைத்து ஊரைக் கூட்டி வாசித்தார். அந்தப் பிக்னிக்தான் அந்த இசையின் முழு அமைப்பும். சங்கம், சீருடை, விதிநூல் எதுவும் கிடையாது. அவர் 2003இல் மறைந்த பிறகு, அவர் மடியில் குழல் கற்ற பேத்தி ஷார்டே தாமஸ் சிறு வயதிலேயே அதை ஏற்று நடத்தினார்.

இனி என்ன ஆகும்

250ஆவது ஆண்டு இந்தக் குழுக்களுக்கு நிறைய அழைப்புகளைக் கொண்டுவருகிறது. அழைப்பு வருவதால் குழு வளரும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அணிவகுப்பு ஆட்களைத் தின்னும், ஆட்களை உருவாக்காது. உருவாக்குவது மூன்று விஷயங்கள்.

1. ஜூனியர் குழு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான குழு இருக்கும் ஊரில் பெரியவர்கள் குழுவுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். வில்லியம்ஸ்பர்க் குழு முழுக்கவும் பள்ளி வயதுப் பிள்ளைகளால் ஆனது. அங்கே கற்றவர்கள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்க் குழுக்களில் சேர்கிறார்கள். ஜூனியர் குழு மூடப்பட்ட ஊரில் பெரியவர்கள் குழுவும் ஒரு தலைமுறைக்குள் நரைத்துவிடுகிறது.

2. கருவி செய்பவர்கள். கயிறு டிரம்மும் ஆறு துளைக் குழலும் பெரிய இசைக்கடைகளில் கிடைக்கும் சரக்கு இல்லை. கனெக்டிகட்டில் இயங்கிப் பின்னர் வெர்மான்ட்டுக்குப் போன கூப்பர்மன் போன்ற சில பட்டறைகளையே இந்த உலகம் நம்பியிருக்கிறது. குழல் ஒப்பீட்டளவில் மலிவு. டிரம் அப்படி இல்லை. அதனால்தான் குழுவே டிரம்களை வாங்கி வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது.

3. இடம். வார நாள் மாலையில் இரண்டு மணி நேரம், சத்தத்துக்கு ஆட்சேபம் இல்லாத ஓர் அறை. ஒரு ஊர் மன்றமோ பள்ளியோ இதை மறுத்துவிட்டால், நூறு வயதான குழுவுக்கும் போக்கிடம் கிடையாது. மஸ்டருக்கும் அதே கதைதான். மைதானம் வேண்டும், அடைத்துத் தர ஒரு வீதி வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் டிரம் ஒலியைப் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கத்தார் வேண்டும். டீப் ரிவரில் இவை மூன்றும் எழுபது ஆண்டுகளாகக் கிடைத்துவருகின்றன. விழாவை நடத்துவது குழு என்றாலும், அதற்கு ஒவ்வோர் ஆண்டும் சம்மதம் தருவது அந்த ஊர்.